நாரை பிடித்த திரளி

ஒரு மனிதர் விடியமுன் எழும்பி, மனைவிக்குச் சொல்லாமல், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறார் என்றால் அயலட்டை என்ன நினைக்கும்? நல்லூரில் எங்கள் ஒழுங்கையிலும் அதைத்தான் நினைத்தார்கள். அவர் போவது நாரை பார்க்க என்று நானே வீடு வீடாகச் சொல்லவேண்டி வந்தது. "ஓமோம், நாரைதான்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நாரை என்றால் உண்மையிலேயே நாரைதான். என் கணவர் சுதாகரன் போன வருடம் நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தக் குழாயில் ஒரு கம்பிச் சுருள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர். விடியக் காலையில் நடக்கவேண்டும், மனதுக்குப் பிடித்ததைச் செய்யவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நடக்கச் சொன்னது இவர் காதில் விழவில்லை. மற்றது விழுந்தது. லண்டனில் இருக்கும் தம்பியைப் பிடித்து ஒரு கமெராவும், அதற்கு ஒரு நீட்டு லென்ஸும் எடுப்பித்தார். கமெராவைத் துவாயில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்தார். எங்கள் பிள்ளை பிறந்தபோதுகூட இவர் அப்படித் தூக்கியதில்லை.

நான் அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பகுதியில் வேலை செய்கிறேன். எந்த நோயாளி குளிசை போட்டேன் என்று பொய் சொல்கிறான் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். வீட்டில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர் பொய் சொல்லப் போகிறார் என்றால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைப்பார்.

இவர் கட்டிலில் கிடந்த நாட்களில் நான் நல்லூர்க் கந்தனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். திருவிழாக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் எப்படியும் மீன் சட்டி பரணுக்கு ஏறிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இவருக்குக் குருநகரில் ஒரு கிளைக் காரியாலயம் இருந்தது. அது எமில்ராஜ் வீடு. எமில்ராஜ் கலியாணங்களுக்குப் படம் எடுக்கிற ஸ்ரூடியோக்காரன், இவருக்கு நல்ல சிநேகிதன். அவனுடைய தாய் செபஸ்தியம்மா மீன் பொரித்தால் மணம் பண்ணைக் கடற்கரை வரைக்கும் வரும். ஒவ்வொரு திருவிழாக் காலத்திலும் இரண்டு மூன்று தரம், "கரம் விளையாடப் போறன்" என்று புறப்படுவார். திரும்பி வரும்போது பல்லுக்குத்தியோடு வருவார். இப்போது நெஞ்சில் கம்பி வைத்த மனிதர். அதனால் பொதுவாக வைக்காமல், ஆளைக் குறி பார்த்துத்தான் நேர்த்தி வைத்தேன்: கந்தா, இந்த மனிசனை எழுப்பி விடு, வாற கொடியேற்றத்திலிருந்து திருவிழா முடியும் மட்டும் இவர் வாயில் ஒரு மீன் முள்ளும் படாது. இவரிடமும் சொன்னேன். சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையால் என் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினார். நானும் அழுதேன், இவரும் அழுதார்.

திருவிழா வந்தது. அதோடு சேர்ந்து போட்டியும் வந்தது.

வடகரைப் பறவை நேசர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. கரையோரப் பறவைகள் இரை பிடிக்கும் காட்சியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அறிவித்தார்கள். முதல் பரிசு பெறும் படம் அவர்களுடைய கலண்டரின் முகப்பில் வரும். "யாழ்ப்பாணத்திலை அரைவாசி வீட்டுச் சுவரிலை என்ரை படம் தொங்கும், கலா" என்றார் இவர். கண் பளபளத்தது. விதி ஒன்றுதான் பெரிய எழுத்தில் இருந்தது. இரை போட்டுப் பறவையை வரவழைத்து எடுத்த படம் சேர்க்கப்படாது.

எமில்ராஜ் ஒரே நாளில் எடுத்துவிட்டான். சின்ன வெள்ளைக் கொக்கு ஒன்று காலால் சேற்றைக் கிளறிக் கிளறி, வெளியில் துள்ளிய றாலை அந்தரத்தில் கவ்வுகிற படம். மணப்பெண்களிடம் "நாடியை நிமித்தும் தங்கச்சி" என்று சொல்லிப் பழகியவன். கொக்கும் அவன் சொல் கேட்டு நிமிர்த்தியதுபோல்தான் இருந்தது.

இவருக்குக் கொக்குப் போதாது. சாம்பல் நாரைதான் வேண்டும். பண்ணைப் பாலத்துக்கு அங்கால், மீனுக்கு வைக்கும் சிறகுவலைத் தடிகள் நட்டிருக்கும் ஆழமில்லாத கடலில், பெரிய நாரை ஒன்று தனியாக நிற்கும். இவர் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தார். பெரியவர் அசையாமல் நிற்பார். இவரும் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்பார். கடைசியில் பெரியவர் கழுத்தை நீட்டி ஒரே குத்தாகக் குத்தி மீனை எடுப்பார். எடுத்தவுடன் முதுகைக் காட்டுவார். மீனை மேலே எறிந்து தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்குகிற அந்த ஒரு விநாடிதான் இவருக்கு வேண்டியது. திருவிழாவில் பாதி போய்விட்டது, இவரிடம் சேர்ந்ததெல்லாம் நாரையின் முதுகுதான். ஒரு நாரைக்கு இத்தனை முதுகு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு ஒரு காலை, நான் கோயிலால் வந்து அரிசி கழுவிக்கொண்டு நிற்க, இவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிளை விழுத்தாட்டிவிட்டு ஓடி வந்தார்.

"கலா, பெரியவர் திரும்பிட்டார்."

கமெராவை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். தீப்பெட்டி அளவான திரையில் ஒரு நாரை, அதன் வாய்க்கு மேலே மஞ்சளாக ஒரு பொட்டு. நல்லாயிருக்கு என்றேன். அரிசியை விட்டுவிட்டு வேறு என்ன சொல்வது? அன்று பின்னேரம் அயல்வீட்டுப் பூனை வந்து கமெராப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. இதென்ன என்று கேட்டேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடல் மணம்" என்றார். எனக்கு அப்போதே நெஞ்சில் ஒரு சந்தேகம் கிளம்பியது. திருவிழா நேரம் வாயைத் திறக்கவேண்டாம் என்று பேசாமல் இருந்தேன்.

தேர் முடிந்து, தீர்த்தம் முடிந்து, கொஞ்ச நாளில் முடிவு வந்தது. இவருக்கு முதலாம் இடம், எமில்ராஜுக்கு இரண்டாம் இடம். பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் படங்களைப் பெரிதாக்கி மாட்டி விழா வைத்தார்கள். அளவெட்டியிலிருந்து இவருடைய தங்கை வசந்தினி பட்டுச்சேலையோடு வந்தாள். எமில்ராஜ் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். செபஸ்தியம்மா பூசைக்குப் போகிற வெள்ளைச் சேலையில் வந்து முன் வரிசையில் இருந்தா.

இவருடைய படம் கதவளவு பெரிதாகச் சுவரில் நின்றது. உண்மையைச் சொன்னால் அழகான படந்தான். நாரை கழுத்தை வளைத்து மேலே பார்க்கிறது, அலகு விரிந்திருக்கிறது, அதற்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் மீன். கீழே நடுவர்களின் குறிப்பை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: மீனின் உடலில் உதயசூரியனின் பொன்னொளி ததும்புகிறது.

வசந்தினி கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு இன்னும் கிட்டப் போனாள்.

"அண்ணை, இந்த மீன் கீறிக் கிடக்கு."

பக்கத்தில் நின்ற நடுவர் ஒருவர் சிரித்தார். "அது நாரை குத்தின காயம் தங்கச்சி."

"நாரை இப்பிடி வரிசைக்கு, ஒரே அளவாக் குத்துமோ ஐயா? வயிறும் எல்லோ துப்பரவாக் கிடக்கு. செட்டையையும் காணேல்லை."

நானும் போய்ப் பார்த்தேன். மூன்று கீறல், பொரியலுக்குக் கீறுகிற மாதிரி. குடல் எடுத்த வயிறு. உதயசூரியனின் பொன்னொளி என்று அவர்கள் எழுதி வைத்தது அசல் மஞ்சள் தூள். வால் பக்கத்தில் உப்புக் கல் ஒன்றுகூட ஒட்டியிருந்தது. மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக எழும்பி வந்தார்கள். வந்து பார்த்தவர்கள் ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செபஸ்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தா. படத்தைப் பார்த்ததும் அவவின் முகம் மலர்ந்தது.

"அட, உது என்ரை திரளி மீனெல்லே."

"என்னம்மா சொல்லுறியள்?" என்று எமில்ராஜ் தாயின் தோளைப் பிடித்தான்.

"நீதானேடா சொன்னனி, சுதாகரன் தம்பிக்கு வாய் கேக்குதாம், விரதத்தாலை வீட்டிலை வழியில்லையாம், நாலு திரளி வேணுமாம் எண்டு. பாவம், வெட்டத் தெரியாத பிள்ளை. அதுதான் குடலெடுத்து, கீறி, மஞ்சள் உப்புப் பிரட்டி, விடியவே எங்கடை கேற்றிலை பையைக் கொழுவி விட்டனான். எண்ணெய்க்குள்ளை போட்டால் காணும்."

நாலு திரளி. அதுவும் கொடி ஏறி நிற்கிற நேரம்.

வட்டத்தின் செயலாளர் நடராசா கண்டிப்பான மனிதர். இவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"சுதாகரன், நேரடியாக் கேக்கிறன். இரை போட்டுத்தான் எடுத்தனீரோ?"

இவர் அவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மேசையில் இருந்த பரிசுக் கேடயத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். இரை போட்டேன் என்றால் கலண்டர் போய்விடும். இல்லை என்றால் பெண்சாதிக்கும் கந்தனுக்கும் செய்த சத்தியம் போய்விடும். எது கனம் என்று அந்த மனிதர் என் கண்ணுக்கு முன்னால் நிறுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்தார்.

"இல்லை ஐயா. நான் தின்னத்தான் வாங்கினனான். பையைக் கல்லிலை வைச்சிட்டு நிக்க, நாரை வந்து ஒண்டை இழுத்துக்கொண்டு போட்டுது. நான் சும்மா கமெராவை அமத்தினனான். மிச்சம் மூண்டையும் நான்தான் திண்டது."

மண்டபம் சிரித்தது. நடுவர்கள் ஒரு மூலைக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்தார்கள். பறவை தானாகவே களவெடுத்திருக்கிறது, மனிதர் இரை போடவில்லை, விதி மீறப்படவில்லை, பரிசில் மாற்றமில்லை என்றார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். செபஸ்தியம்மா மட்டும் தட்டவில்லை; வசந்தினி அவவின் காதில் நேர்த்திக் கதையைச் சொல்லிவிட்டாள். என் கையை வந்து பிடித்தா. "எனக்கு நேர்த்தியெண்டு தெரியாது பிள்ளை. சும்மா விரதமெண்டுதான் நினைச்சனான்" என்றா. எனக்கோ இவரை அந்த இடத்திலேயே கேடயத்தாலேயே அடிக்கலாம்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து, இவர் குளிக்கப் போனதும் கமெராவை எடுத்து அந்த நாளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீரில் ஒரு திரளி மிதக்கிறது. பெரியவர் வருகிறார், எடுக்கிறார், முதுகைக் காட்டுகிறார். இரண்டாவது திரளி, முதுகு. மூன்றாவது திரளி, முதுகு. நாலாவதுக்குத்தான் போனால் போகிறது என்று திரும்பியிருக்கிறார். நாலையும் நாரையே தின்றிருக்கிறது. என் மனிதர் ஒரு செதிலைக்கூட நக்கவில்லை.

நேர்த்தி முறியவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கமெராவை மடியில் வைத்துக்கொண்டு, கந்தா கந்தா என்று கும்பிட்டேன். கும்பிட்டு முடியக் கோபம் வந்தது, முதல் கோபத்தைவிடப் பெரிதாக. சத்தியத்தைக் காப்பாற்றிய மனிதர், ஒரு கலண்டருக்காகச் சபை நடுவில் நின்று, முறித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் உயிருக்காக நான் வைத்த நேர்த்தியை. அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லுவிக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

குளித்துவிட்டு வந்தவரிடம் அமைதியாகச் சொன்னேன்.

"நேர்த்தி முறிஞ்சால் திருப்பிப் பிடிக்கவேணும். வாற வருசக் கொடி வந்து திருவிழா முடியும் மட்டும் உங்களுக்கு மீன் இல்லை."

"வாற வருசமோ?"

"தின்னேல்லை எண்டால் சொல்லுங்கோ. இண்டைக்கே சட்டியை இறக்கிறன்."

துடைப்பதற்குக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் முகத்தில் இல்லை, குளியலறையில் இருந்தது. போய்ப் படுத்துவிட்டார்.

நேர்த்தியை முறித்தது அவர்தானே, நானில்லையே. எனக்கு மீன் தடையில்லை. சனிக்கிழமை சீலா மீன் வாங்கித் துண்டு துண்டாகப் பொரித்தேன். ஞாயிற்றுக்கிழமை நண்டுக் கறி, முருங்கையிலை போட்டு. பிறகு றால். இவருக்குப் பூசணிக்காய், பீர்க்கங்காய், வல்லாரைச் சம்பல். நண்டுக் காலை நான் கடிக்கும்போது சத்தம் கொஞ்சம் கூடக் கேட்கும்படிதான் கடித்தேன். இவர் சோற்றைப் பார்த்தபடி சாப்பிடுவார். கேடயம் எதிர்ச் சுவரில் மினுங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் குருநகருக்குப் போய்ப் பார்த்தார். போன வேகத்திலேயே வந்தார். அங்கே தேத்தண்ணியும் மலிபன் பிஸ்கற்றும் மட்டும் கிடைத்ததாம். கலண்டர் அச்சுக்குப் போகும் மட்டும் மனிதர் தாக்குப் பிடிப்பார்போல்தான் இருந்தது.

அப்படியிருக்க ஒரு நாள் எமில்ராஜ் என் மருந்து யன்னலுக்கு வந்தான். தாய்க்குப் பிறஷர் குளிசை எடுக்க வந்தவன், குளிசையை வாங்கிய பிறகும் போகாமல் நின்றான்.

"அக்கா, அம்மா இப்ப மீன் தின்னுறதில்லை."

"ஏன், வயித்துக்கு ஏதும் செய்யுதோ?"

"வயிறு நல்லாத்தான் கிடக்கு. அண்ணையின்ரை நேர்த்தியை முறிச்சது தன்ரை திரளிதானாம். 'நான் கீறிக் குடுத்தபடியாத்தானே அந்தப் பிள்ளை தின்னப் போனது' எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. அண்ணை தின்னாமல் இருக்கும் மட்டும் தானும் தின்னமாட்டாவாம். கோயிலிலை மெழுகுதிரியும் கொளுத்திறா. கடலாலை வந்த மீனை எங்களுக்குச் சமைச்சுப் போட்டிட்டு, தான் சம்பலோடை இருக்கிறா, அக்கா."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். பிறந்த நாளிலிருந்து மீனோடு வாழ்ந்த மனுசி, எங்கள் சாமிக்கு வைத்த நேர்த்திக்காக, என் புருசன் தின்னாத மீனுக்காக, வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறா. இதற்குமேல் விளையாடக் கூடாது என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் இவருக்குச் சோற்றைப் போட்டேன். எனக்குப் போடவில்லை. எமில்ராஜ் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு, "நாலையும் நாரைதான் திண்டது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். கமெராவிலை பாத்தனான்" என்றேன்.

பிசைந்த கை அப்படியே நின்றது.

"தெரிஞ்சோ எனக்குப் பூசணிக்காய் போட்டனீர்?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

இவர் கண்ணாடியைத் தொடவில்லை. பிறகு எழும்பிக் கையைக் கழுவினார், நடராசாவுக்கு ஃபோன் எடுத்தார். "ஐயா, நான் இரை போட்டுத்தான் எடுத்தனான். நாரை களவெடுக்கேல்லை. படத்தை நிப்பாட்டுங்கோ" என்றார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ தெரியாது, ஓம் ஓம் என்று வெகு நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு இந்த மனிதரை அந்த நேரத்தில் பிடித்ததுபோல் கலியாணம் கட்டிய நாளில்கூடப் பிடித்ததில்லை. அதைச் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்.

கேடயத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் மோட்டார் சைக்கிளில் குருநகருக்குப் போனோம். செபஸ்தியம்மா வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவவுக்கு முன்னால் குந்தினார்.

"அம்மா, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். அந்தத் திரளியிலை ஒரு முள்ளுக்கூட நான் தின்னேல்லை. நேர்த்தி முறியேல்லை. படத்துக்காக நாரைக்குப் போட்டனான்."

செபஸ்தியம்மா கத்தியைக் கீழே வைத்தா. மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டா, கண் கலங்கியது. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். உள்ளேயிருந்து வந்த எமில்ராஜ் எல்லாவற்றையும் கேட்டான். இரண்டாம் இடம் முதலாம் இடமாகிறது என்பது அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. துக்கமாக இருக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. இவரே கேடயத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அதற்குள் செபஸ்தியம்மாவுக்கு விஷயம் முழுதாக இறங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு இவரைப் பார்த்தா.

"நாலையுமோ நாரைக்குப் போட்டனி?"

"ஓம் அம்மா."

"முட்டையோடை கிடந்த திரளி. நான் செதில் தட்டி, குடலெடுத்து, மூண்டு தண்ணியிலை கழுவி, மஞ்சள் உப்புப் பிரட்டித் தந்தனான். அதை ஒரு நாரைக்கோ போட்டனி? நாரைக்கு மஞ்சள் வேணுமெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

இவர் தலையைக் குனிந்தார். பொய்க்கும் நேர்த்திக்கும் மன்னிப்புக் கிடைத்துவிட்டது, திரளிக்குக் கிடைக்காது என்பது தெளிவாகத் தெரிந்தது.

அன்று அவ வெட்டிக்கொண்டிருந்ததும் திரளிதான். எண்ணெய்ச் சட்டியை வைத்து எல்லாவற்றையும் பொரித்தா. எங்கள் நாலு பேருக்கும் சாப்பாட்டுக் கோப்பை போட்டா. முதல் துண்டைத் தன் வாயில் வைத்து மென்று, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா. எனக்கும் எமில்ராஜுக்கும் இரண்டிரண்டாகப் போட்டா. இவருக்கு ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, பலகையை இழுத்து இவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு குந்தினா.

"தின்னு. நான் பாக்கவேணும்."

இவர் பிட்டு வாயில் வைத்தார். செபஸ்தியம்மா கண் இமைக்காமல் பார்த்தா. இவர் மென்றார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார். அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார். அவ தட்டை இழுத்துக்கொண்டா.

"முதல் வாயைத் திற, தம்பி. ஆ காட்டு."